பீரோ நின்ற மூலை

வாங்க கண்ணு, உள்ள வாங்க. செருப்பு காலோடவே இருக்கட்டும், தரை சில்லுன்னு இருக்கும். பாப்பாவையும் கூட்டிட்டு வாங்க. வந்ததும் கதவைச் சாத்திருங்க. குன்னூர்ல குடி வர்றவங்க மொதல்ல பழகிக்க வேண்டியது அதுதான். கதவு திறந்து கிடந்தா குளிர் பூராவும் உள்ள வந்து உக்காந்துக்கும், அப்புறம் ராப்பூரா போகாது.

வீட்டைக் காட்டறதுக்கு முன்னால ஒண்ணு கேக்கறேன். முக்குக் கடையில வழி கேட்டுத்தானே வந்தீங்க? திலகவதி வீடு எதுன்னு கேட்டிருப்பீங்க. கடைக்காரன் வழியை மட்டும் சொல்லி விட்டிருக்க மாட்டான், எனக்குத் தெரியும். அவன் என்ன சொன்னான்னு நான் கேக்கல. நீங்களும் சொல்ல வேண்டாம். நடந்ததை நானே சொல்லிடறேன், கேட்டுட்டு அப்புறம் வீட்டைப் பாருங்க. என் மேல ஒரு பேச்சு வந்துருச்சு கண்ணு. நான் யாருக்கும் கெடுதல் நினைச்சவ இல்ல. இந்தத் தெருவுல யாருக்குக் காய்ச்சல்னாலும் மிளகு ரசம் என் வீட்டுலருந்துதான் போகும். அப்படிப்பட்டவளுக்கு வந்த பேச்சு இது. அதைத்தான் என்னால தாங்க முடியல.

இது கீழ் வீடு. நான் மேல் வீட்டுல இருக்கேன், அதுக்கு வாசல் மேல் ரோட்டுல. இங்க வரணும்னா சுத்திப் படி இறங்கணும், இப்ப நீங்க இறங்கி வந்தீங்களே, அதுதான். மலையை வெட்டிக் கட்டுன வீடு. முன்பக்கம் பள்ளம், ஜன்னலைத் திறந்தா தேயிலைதான் தெரியும். பின்பக்கச் சுவருக்கு அந்தாண்ட வெளியே கிடையாது. மண்ணுதான். மலையே சுவர் மேல சாஞ்சு நிக்குதுன்னு வெச்சுக்குங்க.

அதனால மழைக்காலத்துல அந்தச் சுவர் வேர்க்கும். மண்ணுல இறங்கற தண்ணி எங்க போகும்? சுவர் வழியாத்தான் வரும். உப்புப் பூக்கும், காரை பேந்து விழும், சுண்ணாம்பு அடிச்சா அடுத்த மழைக்குத் தாங்காது. எங்க வீட்டுக்காரர் இருந்த வரைக்கும் வருஷா வருஷம் அவரே சுரண்டிப் பூசிடுவார். அவர் போன பிறகு யார் பாக்கறது? பையன் பெங்களூர்ல. போன் பண்ணுனா 'வித்துரும்மா'ம்பான், அதுக்கு மேல பேச மாட்டான். வீடு பாக்க வர்றவங்க எல்லாம் அந்தச் சுவரைப் பாத்து மூக்கைச் சுளிச்சுட்டுப் போயிருவாங்க. எனக்கு மானம் போகும். நான் சுத்தமா இருக்கறவ கண்ணு. என் வீட்டுச் சுவரைப் பாத்து ஒருத்தர் முகம் சுளிச்சா அன்னிக்கு எனக்குச் சோறு இறங்காது.

அப்பத்தான் ஒரு கல்யாணத்துக்கு எஸ்டேட் பங்களாவுக்குப் போயிருந்தேன். சுவர் பூராவும் பலகை. படுக்கை வாக்குல வரிசையா அடிச்சு, நடுவுல கோடு கோடா, பாக்கவே அம்சமா இருந்துச்சு. தடவிப் பாத்தேன். குளிரே இல்ல. கல்லுச் சுவரைத் தொட்டா கை விறைக்கும், இது தொட்டா மனுஷன் கையைத் தொட்ட மாதிரி இருந்துச்சு. அன்னிக்கே முடிவு பண்ணிட்டேன். வீட்டுக்கு வந்ததும் வேலாயுதத்துக்குச் சொல்லி விட்டேன். நம்ம தெரு ஆசாரிதான். வேலை சுமாரா செய்வான், பேசமாட்டான்.

அவன்தான் அந்தப் பலகை சமாச்சாரத்தை எனக்குச் சொன்னது. ஷிப்லாப்னு பேராம். கப்பலுக்கு அடிக்கற பலகை மாதிரின்னான். ஒரு பலகையை எடுத்துக் காட்டினான். மேல் விளிம்புல முன்பக்கம் பாதிக் கனத்தைச் செதுக்கி எடுத்திருக்கு. கீழ் விளிம்புல பின்பக்கம் பாதி எடுத்திருக்கு. ஒண்ணு மேல ஒண்ணு வெச்சா மேல் பலகையோட உதடு கீழ் பலகை உதட்டு மேல வந்து மூடிக்கும். மழைத்தண்ணி அது மேல விழுந்தா வழிஞ்சு கீழ போயிரும், உள்ள புகாது. இதைக் கேட்டதும் எனக்குப் பாதி பாரம் இறங்கிருச்சு. தண்ணி புகாதுல்ல, அது போதும்னேன். வேலாயுதம் தலையைச் சொறிஞ்சுக்கிட்டு, 'வெளியிலருந்து வர்ற தண்ணிக்குத்தாங்கம்மா'ன்னான். தண்ணியில என்னடா உள்ள தண்ணி வெளித் தண்ணின்னு நான் சிரிச்சேன். அவனும் சிரிச்சான்.

சில்வர் ஓக் பலகை. மாசி மாசம் வேலை ஆரம்பிச்சான். வெயில் நல்லா அடிச்ச நேரம், சுவர் காஞ்சு கிடந்துச்சு. மொதல்ல சுவர்ல நட்டமா ரீப்பர் கட்டையை வரிசையா அடிச்சான். அது மேலதான் பலகையாம். பலகைக்கும் சுவருக்கும் நடுவுல கை நுழையற இடம் இருக்கும். அதே மாதிரி அடியில ரெண்டு விரக்கடை, உச்சியில ரெண்டு விரக்கடை மூடாம விடணும்னான். எதுக்குடான்னேன். 'அப்படித்தாங்க அடிக்கறது, எங்க மேஸ்திரி அப்படித்தான் அடிப்பாரு'ன்னான். அதான் எதுக்குன்னு கேட்டேன். அவனுக்குத் தெரியல கண்ணு. காரணம் தெரியாம ஒருத்தன் ஒரு வேலையைச் செஞ்சா நாம அதை அப்படியே விட்டுற முடியுமா?

இங்கதான் பீரோ வருது. அந்த மூலையில, தூணுக்கும் பின்சுவருக்கும் நடுவுல, என் பீரோ நின்னுச்சு. கல்யாணத்துக்கு எங்க அப்பா வாங்கிக் கொடுத்த இரும்பு பீரோ. மேல் வீடு கட்டிப் போகும்போது அது மட்டும் வரல. படியில ஏத்தணும்னா நாலு ஆள் வேணும். கீழயே இருக்கட்டும்னு விட்டுட்டேன், சாவி என்கிட்ட. தூணுக்கும் சுவருக்கும் நடுவுல அளவெடுத்த மாதிரி உக்காந்திருக்கும். இப்ப ரீப்பர் அடிச்சு அது மேல பலகையும் வந்தா பீரோ அதுல நுழையாது. வேற எங்க வெக்கறது? ஜன்னலை மறைச்சா வைக்க முடியும்? ரீப்பரை எடுத்துரு, பலகையை நேரா சுவர்லயே அடின்னேன். வேலாயுதம் ஒரு பாட்டம் பீரோவைப் பாத்தான், ஒரு பாட்டம் சுவரைப் பாத்தான். அடிச்ச ரீப்பரை எல்லாம் பிடுங்கினான். சுவர்ல ஓட்டை போட்டு கட்டை செருகி அதுல ஆணி அடிச்சான். அடியிலயும் உச்சியிலயும் விட்ட சந்தை நான்தான் பீடிங் பட்டை வெச்சு மூடச் சொன்னேன். எலி வரும்ல? எலிக்கு வீடு கட்டிக் கொடுக்கவா நான் பலகை அடிக்கறேன்? பலகைக்குப் பலகை ஒரு காசு நுழையற கோடு மட்டும் விட்டான். அது அழகாத்தான் இருந்துச்சு, விட்டுட்டேன். மேல வார்னிஷ் ரெண்டு கை. பீரோ பழைய மூலையில பழைய மாதிரியே உக்காந்துருச்சு. அன்னிக்கு ராத்திரி எனக்கு அப்படி ஒரு தூக்கம்.

ஆனி மாசம் அவங்க வந்தாங்க. ஜெகநாதன்னு பேரு, பேக்கரியில வேலை. விடியறதுக்கு முன்னாடியே போயிருவான். அவன் சம்சாரம் சுகந்தி. ஒரு பொண்ணு, மகிழினி, அப்பத்தான் எல்கேஜி சேத்திருந்தாங்க. தாராபுரம் பக்கத்து ஆளுங்க, வெயில்ல வளந்தவங்க. சுவரைப் பாத்ததும் சுகந்தி முகம் மலர்ந்துருச்சு. 'மரவீடு மாதிரியே இருக்குங்கம்மா'ன்னா. எனக்கு அதைக் கேட்டதும் உச்சி குளிர்ந்துருச்சு. நல்ல பொண்ணுதான், நான் குறை சொல்லல. பின்னால நடந்துக்கிட்டதைத்தான் சொல்றேன்.

அந்தக் குழந்தை என்கிட்ட எப்படி ஒட்டிக்கிச்சு தெரியுமா. மாடி ஆன்ட்டின்னுதான் கூப்பிடும். சுவருக்குப் பக்கத்துலயே உக்காந்துக்கிட்டு பாட்டில் மூடியை அந்தக் கோட்டுல வெச்சு உருட்டும். இது பஸ் ரோடு, இது ரயில் ரோடு, இது ஊட்டிக்குப் போற ரோடுன்னு ஒவ்வொரு கோட்டுக்கும் ஒரு பேரு வெச்சிருந்துச்சு. நான் போனா என்னையும் டிக்கெட் எடுக்கச் சொல்லும். சிவப்புக் கம்பளி நூல்ல ஒரு குல்லா பின்னிக் கொடுத்தேன், கழட்டவே கழட்டாது. என் பேரப்பிள்ளைங்க பெங்களூர்ல வளருது, வருஷத்துக்கு ஒருக்கா வந்தாலும் என் மடியில உக்காராது. இது வந்து உக்காந்துச்சு. உண்மையைச் சொல்றேன் கண்ணு, அந்தக் குழந்தை மேல நான் உயிரையே வெச்சிருந்தேன்.

உங்க பாப்பாவும் கோட்டைத்தான் தடவுது பாருங்க. எல்லாக் குழந்தைக்கும் அது பிடிச்சிருது.

ஐப்பசி மழை பிடிச்சுது. போன வருஷ மழை உங்களுக்குத் தெரியாது, சூரியனையே மறந்துட்டோம். ஒருநாள் கீழ வந்தப்ப மகிழினி மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்கிட்டு உக்காந்திருந்துச்சு. என்னடின்னேன். 'ரோடெல்லாம் மூடிருச்சு ஆன்ட்டி'ன்னுச்சு. பாத்தா நெசம்தான். பலகை ஊதி ஒண்ணோட ஒண்ணு ஒட்டிக்கிச்சு, கோடே தெரியல. அடிப் பலகை ரெண்டு லேசா வயிறு தள்ளி நின்னுச்சு. மரம்னா மழைக்கு ஊதத்தான் செய்யும், வெயில் வந்தா ரோடு திறந்துரும்னு சமாதானம் சொன்னேன். அதுக்கப்புறம் பாட்டில் மூடியைத் தரையில உருட்டி விளையாடுச்சு. அப்பவே இருமல் ஆரம்பிச்சிருச்சு.

இருமல்னா என்ன, மலைக்குப் புதுசா வந்த குழந்தைக்கு வரத்தானே செய்யும். ஊருக்கே இருமல்தான். மிளகு ரசம் கொடுத்தேன், நெஞ்சுல தைலம் தேச்சேன். சுகந்தி அறையில ஒரு வாடை வருதுன்னா. ஊறப்போட்ட துணியை மறந்துட்டா வருமே, அந்த வாடைன்னா. துணியை வீட்டுக்குள்ள காயப்போட்டா அப்படித்தான் வரும்னு சொல்லி அவ கொடியை அவுக்க வெச்சேன். வாடைக்கும் ஆச்சு, குழந்தைக்கும் ஆச்சுன்னு செவ்வாய், வெள்ளி நானே கரி போட்டு சாம்பிராணி கொண்டாந்து அறை பூராப் புகைச்சேன். குழந்தையை நடுவுல நிக்க வெச்சு, முந்தானையைக் கூடாரமா பிடிச்சு, புகை நல்லா நெஞ்சுல இறங்கற மாதிரி பிடிப்பேன். யார் செய்வாங்க கண்ணு, வாடகைக்கு இருக்கறவங்க குழந்தைக்கு? அது இருமிக்கிட்டே சிரிக்கும்.

ஜன்னலைத் திறக்கறா சுகந்தி. பனி இறங்கற நேரத்துல ஜன்னலைத் திறந்தா குழந்தை என்னத்துக்கு ஆகும்? மேலருந்து எட்டிப் பாத்து, மூடு மூடுன்னு சத்தம் போடுவேன். ஒருநாள் நானே இறங்கி வந்து கொக்கி போட்டு, சந்துல எல்லாம் பேப்பரைச் சுருட்டி அடைச்சுட்டுப் போனேன். அவளுக்குக் குளிரைப் பத்தி என்ன தெரியும்? நான் சொல்லித்தானே தெரியணும்.

தீபாவளி முடிஞ்சதும் பீரோவை மேல கொண்டு போயிட்டேன். சுமை தூக்கறவங்க நாலு பேரைப் பிடிச்சு, வெளிப்படி வழியா ஏத்தி, ரோட்டைச் சுத்தி மேல் வாசலுக்குக் கொண்டாந்து இறக்கினேன். பழசு, கனம் அப்படி. சுகந்தி வாசல்ல நின்னு பாத்துட்டு இருந்தா. ஏங்கம்மா எடுத்துட்டுப் போறீங்கன்னு கேட்டா. மேல எனக்கு வேணும்னு சொன்னேன். என் பொருள், நான் எங்க வேணாலும் வெப்பேன், இல்லையா?

ஆனா பாருங்க, அப்பக்கூட நான் அவங்களைத்தான் நினைச்சேன். பீரோ போனதும் மூலை காலியாச்சு. குழந்தையோட கட்டில் அதுவரைக்கும் ஜன்னலோரம் கிடந்துச்சு. அங்க குளிர். இந்த மூலைதான் வீட்டுலயே கதகதப்பான இடம், ரெண்டு பக்கம் பலகை, ஒரு பக்கம் தூணு, காத்தே வராது, கட்டிலை இங்க போடுன்னு நானே இழுத்துப் போட்டுக் கொடுத்தேன். தலைமாட்டைப் பலகையோட ஒட்டி வெச்சேன். மகிழினிக்கு ஒரே சந்தோஷம். ரோடு பக்கத்துல தூங்கறேன்னு சொல்லுச்சு.

கார்த்திகையில இழுப்பு வந்துருச்சு. ராத்திரி படுக்க முடியாம உக்காந்தே இருக்கும், தோள்பட்டை ரெண்டும் மேல கீழ போகும். ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனாங்க. மருந்து கொடுத்தாங்க, வாயில வெச்சு உறிஞ்சற மருந்து கொடுத்தாங்க. அங்க இருக்கற வரைக்கும் நல்லா இருக்கும், வீட்டுக்கு வந்தா மறுபடியும் ஆரம்பிக்கும். டாக்டர் சுகந்தியைக் கேட்டிருக்கார், வீட்டுல ஈரம் இருக்கா, சுவர்ல பூஞ்சை இருக்கான்னு. அவ வந்து என்கிட்ட கேட்டா. எனக்குச் சுருக்குன்னு ஆயிருச்சு. என் வீட்டுல பூஞ்சையா? அவ கையைப் பிடிச்சு இழுத்துட்டு வந்து இந்தப் பலகை மேல வெச்சேன்.

'தொட்டுப் பாரு. ஈரம் இருக்கா?'

தடவிப் பாத்தா. மேலருந்து கீழ வரைக்கும் தடவினா. வார்னிஷ் பளபளன்னு இருந்துச்சு. 'இல்லங்கம்மா'ன்னா.

'அப்ப இல்லைன்னு போய்ச் சொல்லு.'

சொல்லிட்டா. அடுத்த தடவை போனப்ப டாக்டர்கிட்ட, வீட்டுல ஈரமே கிடையாது, நல்ல பலகைச் சுவர்னு சொல்லியிருக்கா. அவரும் அதுக்கு மேல அதைக் கேக்கல. நான் பொய் சொல்லச் சொன்னேனா? அவ கையாலயே தொட்டுப் பாத்துச் சொன்னதுதானே?

மார்கழி. கோயில் பாட்டு இன்னும் போடல. சுகந்தி வெளிப்படியில ஏறி வந்து என் கதவை அறையறா. ஜெகநாதன் பேக்கரிக்குப் போயிருந்தான். நான் அப்படியே போட்டது போட்டபடி இறங்கி ஓடினேன். குழந்தை கட்டில்ல உக்காந்துக்கிட்டு ரெண்டு கையாலயும் பலகையைப் பிடிச்சுக்கிட்டு இருந்துச்சு. உதடு நிறம் மாறியிருந்துச்சு. அந்த மருந்தை உறிஞ்ச வெச்சா, உறிஞ்ச முடியல. நான்தான் தெருவுல கத்தி ஆட்டோவை எழுப்பினேன். முன்னால ஒரு அடி தூரம் தெரியல, அப்படி ஒரு பனி, ஆட்டோக்காரன் தலையை வெளிய நீட்டிக்கிட்டு ஓட்டறான். தலை சுகந்தி மடியில, கால் என் மடியில. காலைத் தேச்சுக்கிட்டே போனேன். சூடு வரல கண்ணு. ஆஸ்பத்திரி வாசல் தெரியும்போதே கால் கனத்துருச்சு. எனக்குத் தெரிஞ்சுபோச்சு, ஆனா நான் தேய்க்கறதை நிறுத்தல. சுகந்திக்குத் தெரியக் கூடாதேன்னு.

குல்லாவோடதான் புதைச்சாங்க. நான்தான் கேட்டேன், அதைக் கழட்டாதீங்கன்னு.

கொஞ்சம் இருங்க. தண்ணி குடிச்சுட்டு வர்றேன்.

இதுக்கப்புறம் நடந்ததுதான் முக்குக் கடையில பேசறது. காரியமெல்லாம் முடிஞ்சு அவங்க ஊருக்குப் போறதுக்குச் சாமானை எடுத்துட்டு இருந்தாங்க. மழை விட்டிருந்துச்சு. நான் அவங்களுக்கு இட்லி ஊத்தி எடுத்துட்டு வந்தேன். அக்கம்பக்கத்துல நாலைஞ்சு பேர் வாசல்ல நின்னாங்க. கட்டிலைத் தூக்க ஜெகநாதன் இழுத்தான். கட்டில் கால் அடிப் பலகையில இடிச்சுது. இடிச்ச இடத்துல பலகை உடையல கண்ணு, அமுங்குச்சு. ரொட்டியில விரலை வெச்ச மாதிரி. சுகந்தி குனிஞ்சு அந்தக் குழியில விரலை விட்டா. விரல் உள்ள போயிருச்சு. அவ எந்திரிச்சு அடுப்படிக்குப் போய்த் தேங்காய் உடைக்கற அரிவாளை எடுத்துட்டு வந்தா.

நான் தடுத்தேன். ஏம்மா என்ன பண்றேன்னேன். அவ என்னைப் பாக்கவே இல்ல. பீடிங்ல அரிவாளைக் கொடுத்து நெம்பினா. ஒரு பலகை வந்துச்சு, அடுத்தது, அதுக்கு மேல. ஜெகநாதன் பிடிக்கப் போனவன் அப்படியே நின்னுட்டான். பலகையோட பின்பக்கம் பூரா கருப்பு. கம்பளி போத்துன மாதிரி கருப்பு. சுவர்லயும் அதே. தூள் பறந்துச்சு, எல்லாரும் மூக்கைப் பொத்தினாங்க. அந்தக் கருப்பு அந்த மூலையிலதான் ஜாஸ்தி. கட்டில் தலைமாடு இருந்த உயரம் வரைக்கும், அதுக்கும் மேல. சுகந்தி மூக்கைப் பொத்தல. அதையே பாத்துட்டு நின்னா. எனக்கு எப்படி இருந்திருக்கும் சொல்லுங்க. ஆசை ஆசையா அடிச்ச பலகை, வாசல்ல அத்தனை பேர் பாத்துட்டு இருக்கும்போது, என் வீட்டைத் துகில் உரிச்ச மாதிரி ஆயிருச்சு.

அப்புறம் திரும்பி என்னைக் கேட்டா. சத்தம் போடல, அழல. சாதாரணமாத்தான் கேட்டா.

'பீரோவை ஏங்கம்மா மேல கொண்டு போனீங்க?'

இதுதான் கண்ணு. இந்த ஒரு கேள்விதான். திட்டியிருந்தா பொறுத்திருப்பேன், பெத்தவ, வயிறு எரியும், ரெண்டு சொல் சொல்லத்தான் செய்வா. பிள்ளையைப் பறி கொடுத்த நேரத்துல கேக்கற கேள்வியா இது? பீரோவுக்கும் இதுக்கும் என்ன சம்பந்தம்? நான் என்ன பதில் சொல்லணும்? இட்லித் தூக்கை வெச்சுட்டு மேல வந்துட்டேன். அவங்க கிளம்பிப் போகும்போது என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லிக்கல. சாவியைப் படியில வெச்சுட்டுப் போயிருந்தாங்க. தூக்கு திறக்காம அப்படியே இருந்துச்சு. அந்தக் குழந்தைக்கு நான் செஞ்சதை எல்லாம் ஒரு நிமிஷமாவது நினைச்சுப் பாத்திருப்பாளா அவ? வாசல்ல நின்னவங்க அந்தக் கேள்வியை வாயில போட்டு மென்னுக்கிட்டு இருக்காங்க, இன்னிக்கு வரைக்கும். அந்தக் கடைக்காரன் வர்றவங்க போறவங்ககிட்ட எல்லாம் சொல்றான். அதனாலதான் தை, மாசி, பங்குனி போயும் வீடு பூட்டியே கிடக்கு.

சரி, அதை விடுங்க. இப்ப நல்லா பாருங்க, எப்படி இருக்கு? வேலாயுதத்தைக் கூப்பிட்டு எல்லாப் பலகையையும் கழட்டி, பிளீச்சிங் பவுடர் போட்டுக் கழுவி, மாடியில வெயில் காட்டினேன். மூணு பலகைதான் மக்கியிருந்துச்சு, அதை மாத்தியாச்சு. மீதியெல்லாம் கல்லு மாதிரி இருக்கு. இப்பத்தான் பீரோ இல்லையே, ரீப்பர் வெச்சு அடிக்கட்டுமான்னு கேட்டான். சுவர்ல கட்டை ஏற்கனவே செருகி இருக்கு, ரெட்டை வேலை எதுக்கு, அதுலயே அடின்னுட்டேன். வார்னிஷ் இருட்டா இருந்துச்சு, இந்தத் தடவை வெள்ளை பெயிண்ட். அறையே பெருசான மாதிரி இல்ல? அது பெயிண்ட் வாசம் கண்ணு, நாலு நாள்ல போயிரும்.

குழந்தை மூக்கை ஏன் பொத்துது? சளி பிடிச்சிருக்கா? மேல என்கிட்ட நல்ல தைலம் இருக்கு, போகும்போது தர்றேன்.

கட்டிலை இந்த மூலையில போட்டுக்கலாம். ஜன்னலோரம் வேண்டாம், அங்க குளிர். என்ன கேட்டீங்க? பீரோவா?

ஓ, உங்ககிட்ட பீரோ இல்லையா? துணிமணி வெக்கறதுக்கு அதை மறுபடியும் கீழ இறக்கித் தர முடியுமான்னு கேக்கறீங்களா? இல்ல கண்ணு. வேற என்ன வேணாலும் கேளுங்க, தர்றேன். அந்த பீரோ மேலயே இருக்கட்டும். அதுல என் பட்டுப் புடவை எல்லாம் இருக்கு. எங்க வீட்டுக்காரர் வாங்கிக் கொடுத்தது. இப்பக் கட்டறதில்ல, ஆனா வருஷத்துக்கு ஒருக்கா எடுத்து உதறி மடிப்பு மாத்தி வெப்பேன், இல்லைன்னா மடிப்புலயே இத்துப்போகும். போன தீபாவளிக்கு மடிப்பு மாத்தலாம்னு கீழ வந்து பீரோவைத் திறந்தேன். திறந்ததும் ஒரு வாடை. என் கல்யாணப் புடவையில மடிப்பு மடிப்பா கருப்புப் புள்ளி. அரக்கு நிறம், அது மேல சாம்பலைத் தூவின மாதிரி. தட்டிப் பாத்தேன், போகல. இன்னும் ஒரு மாசம் அந்த மூலையில விட்டிருந்தா ஒரு புடவை மிஞ்சியிருக்காது. நல்லவேளை, உடனே ஆளைக் கூட்டி மேல ஏத்திட்டேன். அதுக்கப்புறம் ஒரு புள்ளி வரல பாருங்க.

ஏன் அப்படிப் பாக்கறீங்க? நான் என்ன சொல்லிட்டேன்?

பாப்பாவை ஏன் தூக்கிட்டீங்க, அது பாட்டுக்கு ரோட்டைத் தடவிட்டு இருந்துச்சே. கிளம்பிட்டீங்களா? மாடியைக்கூடப் பாக்கலையே. காப்பி போடலாம்னு இருந்தேனே கண்ணு.

கதவைச் சாத்திட்டுப் போங்க. குளிர் உள்ள வந்துரும்.